மதுரை வெயிலில் புல்தரைக்கு லாரித் தண்ணீர் வாங்கி மாளவில்லை. குறைந்த தண்ணீரில் பச்சையாக வைத்திருக்க வழி உண்டா? ஸ்பிரிங்க்ளர் போட்டால் மிச்சமாகுமா?

வழி உண்டு. நானும் மூன்று கோடை லாரிக்குக் கப்பம் கட்டியவன்தான். திருநகரில் எங்கள் வீட்டு முன்னால் நானூறு சதுர அடி கொரியன் புல். ஒருநாள் லாரித் தம்பி ஹோஸை இழுத்துக்கொண்டே, "அண்ணே, வீட்டுக்கா புல்லுக்கா?" என்று கேட்டார். புல்லுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டுக்கும்தான்" என்று சமாளித்தேன்.

அன்று சாயங்காலம்தான் கணக்குப் போட்டேன். எங்கள் ஹோஸில் 15 லிட்டர் வாளி நிறைய 50 விநாடி ஆனது. நிமிடத்துக்கு 18 லிட்டர். காலையும் மாலையும் இருபது இருபது நிமிடம் பிடித்தால் 720 லிட்டர். புல்லுக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். சித்திரை வெயிலில் நாளைக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் போதும். என் 37 சதுர மீட்டருக்கு 220 லிட்டர்.

மிச்சம் 500 லிட்டர் எங்கே போனது? நீளமான ஸ்க்ரூடிரைவரைப் புல்லுக்குள் குத்திப் பார்த்தேன். இரண்டு விரற்கடைக்குக் கீழே இறங்க மறுத்தது. மேலே சேறு, அடியில் கட்டாந்தரை. ஊற்றியதில் பாதி கேட்டைத் தாண்டிச் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

அதற்குப் பிறகு விடிகாலையில் பத்து நிமிடம் விட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி பத்து நிமிடம். இப்படி மொத்தம் நான்கு பத்து நிமிடம், மூன்று நாளைக்கு ஒருமுறை. முன்பு ஒரே நாளில் காலியான தண்ணீர் மூன்று நாளுக்கு வந்தது. வேரும் ஈரத்தைத் தேடிக் கீழே போகிறது. முதல் இரண்டு வாரம் புல் கொஞ்சம் வாடும், பயப்பட வேண்டாம். கோடையில் ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விடுங்கள்.

அப்புறம், மனசு வந்தால் புல்தரையைச் சுருக்குங்கள். நான் 150 சதுர அடியாக்கி, கொரியனை எடுத்துவிட்டு அருகம்புல் போட்டேன். காய்ந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். பார்க்க அவ்வளவு பட்டுப்போல இருக்காது, உண்மைதான். மிச்ச இடத்தில் அரளி, இட்லிப்பூ, ஒரு கறிவேப்பிலை. அவற்றின் அடியில் காய்ந்த சருகும் தேங்காய் நாரும் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு. 2017இல் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டு, காற்றில் அது கரை ஒதுங்கியபோது நாமெல்லாம் சிரித்தோம். வெயில் தண்ணீரைக் குடிக்கிறது என்ற கவலை மட்டும் நியாயமானதுதான். சருகு பறக்காமல் இருக்க மேலே கொஞ்சம் மண்ணைத் தூவிவிடுங்கள்.

கறிவேப்பிலைக்கு ஒரு மானாமதுரைப் பானையைக் கழுத்துவரை புதைத்திருக்கிறேன். பூச்சு இல்லாத மண்பானையாக இருக்க வேண்டும். நிரப்பி மூடி வைத்தால் மண் காயக் காயத் தானாகக் கசியும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் அதற்குள்தான் போகிறது. ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள். உப்பு மண்ணில் தங்கிவிடும்.

ஸ்பிரிங்க்ளர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சின்ன இடத்துக்கு வேண்டாம் என்பேன். ஆடிக் காற்றில் பாதித் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் நனைக்கும். செடி வரிசைக்குச் சொட்டுநீர்க் குழாய் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் துளை அடைக்கும். மாதம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைக் கழற்றிவிட்டு வேகமாகத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள், அழுக்கு வெளியே வந்துவிடும்.