அசிரியர்கள்: சுவரும் கடிதமும்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். யூடியூபில் அசிரியர்கள் பற்றி ஒரு காணொளி பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தோலை உரிப்பது, கழுவேற்றுவது, தலைகளைக் குவிப்பது என்று முழுக்க அதுதான். "இவ்வளவு கெட்டவங்களைப் பத்தி எதுக்குப்பா படிக்கணும்?" என்று கேட்கிறான். 2015-ல் ஈராக்கில் நிம்ரூத் என்ற இடத்தில் இருந்த அசிரிய அரண்மனையை ஐ.எஸ். தீவிரவாதிகள் வெடி வைத்துத் தகர்த்ததுகூட அசிரியர்கள் செய்த வினையின் பயன்தானோ என்று எனக்கே தோன்றுகிறது. இன்னொன்று, இந்த அசிரியர்கள்தான் நம் புராணங்களில் வரும் அசுரர்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மையா? மகன் எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

செ.

அன்புள்ள செ.,

சின்ன விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அசுரர், அசிரியர் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன, அவ்வளவுதான். அசூர் என்பது இன்றைய ஈராக்கில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருந்த ஓர் ஊர். அசிரியர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அந்த ஊர்த் தெய்வத்துக்கும் அதே பெயர். ஒலி ஒத்துப்போகிறது என்பதை வைத்துக்கொண்டு யாரையும் யாராகவும் ஆக்கிவிடலாம். அந்தக் கட்டுரையை மகன் கண்ணில் காட்டாதீர்கள்.

வினைப்பயன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. யாருடைய வினை, யாருக்குப் பயன்? நிம்ரூத்தில் அந்த அரண்மனையைக் கட்டிய அசிரிய அரசன் இரண்டாம் அசூர்நசிர்பால் கி.மு. 859-லேயே செத்துப்போனான். அடி விழுந்தது அவனுக்கா? 2014 ஆகஸ்டில் அதே ஐ.எஸ். படைக்குப் பயந்து ஈராக்கின் நினிவே சமவெளியிலிருந்து ஒரே இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய கிறிஸ்தவர்களுக்கு விழுந்தது. இன்றும் அரமேய மொழியின் ஒரு வடிவத்தை வீட்டில் பேசுகிறவர்கள், அவர்களில் பலர் தங்களை அசிரியர் என்றே சொல்லிக்கொள்கிறவர்கள். அவர்களுடைய பழைய திருச்சபைகளில் ஒன்றின் இந்தியக் கிளை நமக்குப் பக்கத்தில், திருச்சூரிலேயே இருக்கிறது. கல் உடைந்த செய்தியைப் பார்த்து "செய்ததற்கு அனுபவிக்கிறார்கள்" என்று சொல்வது மிகவும் எளிது. ஒன்பதாம் வகுப்புப் பையனின் அப்பா அதைச் சொல்லக் கூடாது.

சரி, கொடுமைக்கு வருகிறேன். அந்தக் காணொளி பொய் சொல்லவில்லை. கலகம் செய்த ஊர்த் தலைவர்களின் தோலை உரித்து, ஊர் வாசலில் ஒரு தூண் எழுப்பி, அதன்மேல் அந்தத் தோல்களைப் போர்த்தியதாக அசூர்நசிர்பால் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். நான் உரித்தேன், நான் எரித்தேன் என்று எல்லாம் தன்மையில். எதிரிகள் கட்டிவிட்ட கதை இல்லை இது, அவனே சொல்லிக்கொண்டது. பின்னால் வந்த அசிரிய அரசன் சனகெரிப் கி.மு. 701-ல் யூதா நாட்டின் லாகீஸ் நகரைப் பிடித்தான். அந்த முற்றுகையைத் தன் தலைநகர் நினிவேயின் அரண்மனையில் ஓர் அறை முழுக்கச் செதுக்க வைத்தான். மதிலேறும் படை, கழுவில் தொங்கும் உடல்கள், மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சோடு வெளியேறும் குடும்பங்கள், எல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறது. இதையெல்லாம் ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்லிவைத்தார்கள்? அடுத்த ஊர் கேள்விப்பட்டு, சண்டை போடாமல் கதவைத் திறக்க வேண்டும் என்பதற்காக. பயம்தான் அவர்களுடைய மலிவான ஆயுதம். அந்த யூடியூப்காரர் என்ன செய்கிறார் என்றால், இத்தனை நூற்றாண்டு கழித்தும் அரசன் எழுதிக்கொடுத்த வசனத்தையே வாசிக்கிறார். உங்கள் மகன் சாப்பிடாமல் இருந்தான் இல்லையா, அசூர்நசிர்பால் விரும்பியதும் அதைத்தான்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மக்கள் கூட்டத்தை அதன் அரசன் சுவரில் வெட்டியதை வைத்தே அளப்பது வரலாறு இல்லை. அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

சில வருடங்களுக்கு முன் அங்காராவில், அனதோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். உள்ளே களிமண் கடிதங்கள். ஒவ்வொன்றும் பாதி தேய்ந்த சோப்புக்கட்டி அளவுதான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு பக்கமும், விளிம்பிலும்கூட, கோழி கிளறியதுபோல எழுத்து. கடிதத்துக்கு மேல் இன்னொரு களிமண் உறை, அதன்மேல் அனுப்பியவரின் முத்திரையை உருட்டிய தடம். ஓர் உறை பாதி உடைந்து உள்ளே இருக்கும் கடிதம் எட்டிப் பார்த்தது. உடைக்கப்படாமலேயே போன உறைகளும் உண்டு. எழுதியவர் அனுப்பினார், பெற்றவர் பிரிக்கவில்லை.

இவை துருக்கியில் கைசேரிக்குப் பக்கத்தில் கூல்தெப்பே என்ற மேட்டில் கிடைத்தவை. பழைய பெயர் கனேஷ். மொத்தம் 20,000-க்கும் மேல். பெரும்பாலானவை கி.மு. 19-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது அந்தத் தோல் தூணுக்கு ஏறத்தாழ ஆயிரம் வருடம் முந்தி. அப்போது அசூர் பேரரசு இல்லை, வியாபாரம் செய்து பிழைத்த ஓர் ஊர். அதை ஆண்டவன் தன்னை அரசன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அசூர் தெய்வம்தான் அரசன், தான் வெறும் காரியஸ்தன். ஊர்ச்சபை கூடித்தான் பெரிய முடிவுகளை எடுத்தது. ஆண்கள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி கனேஷுக்குப் போனார்கள். ஆறு வாரப் பயணம். ஒரு கழுதைமேல் 65 கிலோ அளவுக்கு வெள்ளீயம், கூடவே சில துணிகள். அனதோலியாவில், அதாவது இன்றைய துருக்கிப் பகுதியில், செம்பு உண்டு, அதை வெண்கலமாக்க வெள்ளீயம் வேண்டும். விற்றுவிட்டு வெள்ளியும் தங்கமுமாக ஊருக்கு அனுப்பினார்கள்.

துணியில் பெரும் பங்கை நெய்தது யார்? அசூரில் இருந்த மனைவிகள், அக்கா தங்கைகள், பெண்பிள்ளைகள், வீட்டு வேலைக்காரிகள். கனேஷில் இருந்த பூசு-கேன் என்ற வியாபாரிக்கு அவன் மனைவி லமஸ்ஸி எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. (இந்தப் பூசு-கேன் கடத்தல் சரக்கு விவகாரம் ஒன்றில் சிறைக்கும் போனவன். அது தனிக் கதை.) நீ போன பிறகு சலிம்-அகும் இரண்டு மடங்கு பெரிதாக வீடு கட்டிவிட்டார், நாம் எப்போது கட்டப்போகிறோம் என்று கேட்கிறாள் லமஸ்ஸி. சின்னப் பெண் வளர்ந்துவிட்டாள், நீ வந்து அவளை அசூர் தெய்வத்தின் மடியில் ஒப்படைக்க வேண்டும், வா என்கிறாள்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. அப்பா குவைத்தில் பதினோரு வருடம் கட்டட வேலை பார்த்தார். அவர் இறந்த பிறகு தகரப் பெட்டியைத் திறந்தபோது, அம்மா எழுதிய நீல நிற ஏர்மெயில் கடிதங்கள் அத்தனையும் சணல் கட்டி அடுக்கி இருந்தன. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி அரிசி விலை, சீட்டுப் பணம், எனக்கு வந்த அம்மை, தங்கையின் ஸ்கூல் பீஸ். ஒரு கடிதத்தின் ஓரத்தில், மடிக்கும் இடத்தில் குறுக்கே எழுதியிருந்தாள்: "எதிர்வீட்டில் மாடி எழுப்பியாச்சு. நாம எப்போ?" லமஸ்ஸியின் கடிதத்தை நான் படித்தது அதற்குப் பல வருடம் கழித்து. அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் செய்து, நாலாயிரம் வருடம் முந்தி ஒரு பெண் இப்படிக் கேட்டிருக்கிறாள் என்று தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நல்லாக் கேட்டா" என்றாள் அம்மா.

அசூர்க் கடிதங்களுக்கும் ஒரு தொடக்கம் உண்டு. "பூசு-கேனிடம் சொல்: லமஸ்ஸி சொல்வது இது." களிமண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள், போய்ச் சொல் என்று. தாரம்-கூபி என்பவள் கணவன் இன்னாயாவைப் போட்டு உலுக்குகிறாள். வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய், ஒரு ஷெக்கல் வெள்ளிகூட விட்டுவைக்கவில்லை, ஊரில் பஞ்சம், ஒரு படி பார்லிகூட இல்லை, இதில் வளையலையும் மோதிரத்தையும் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள் என்று எழுதுகிறாயா என்கிறாள். இன்னொரு கடிதத்தில் லமஸ்ஸி, நான் அனுப்பும் துணி நன்றாக இல்லை என்று உன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்கிறவர் யார் என்று கேட்கிறாள். போன ஊரில் இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொள்ள அந்த ஆண்களுக்கு வழக்கம் இடம் கொடுத்தது என்பதையும் சேர்த்து வைத்துக்கொண்டு அந்த வரியைப் படியுங்கள். "யார்" என்ற சொல் வேறு மாதிரி கேட்கும்.

இவர்களும் அசிரியர்கள்தான். அதே ஊர், அதே தெய்வம், அதே மொழியின் பழைய வடிவம். இவர்களை ஏன் எந்தக் காணொளியிலும் காட்டுவதில்லை? இரத்தம் இல்லாத வரலாற்றை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நாமாக முடிவு செய்துகொண்டோம். மிகப் பெரிய அநியாயம் இது. செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம், நம் பிள்ளைகளுக்கும் செய்யும் அநியாயம்.

நீங்கள் மறுத்துச் சொல்வது காதில் விழுகிறது. வியாபாரிகள் காலம் வேறு, பேரரசின் காலம் வேறு, நல்லவர்களை ஒரு நூற்றாண்டிலும் கெட்டவர்களை இன்னொன்றிலும் வைத்துத் தப்பிக்கப் பார்க்கிறாய் என்பீர்கள். நியாயம்தான். அதனால் பேரரசு உச்சத்தில் இருந்த காலத்துக் கடிதம் ஒன்றைச் சொல்கிறேன். மகனுக்கு இதிலிருந்தே தொடங்குங்கள்.

எசர்ஹதோன் அரசனாக இருந்த காலம், கி.மு. 7-ம் நூற்றாண்டு. அவன் மகள் செருவா-எதெரத். பட்டத்து இளவரசன் அசூர்பனிபாலின் மனைவி லிப்பாலி-சர்ரத். ஆக, செருவா-எதெரத் இவளுக்கு நாத்தனார் முறை. நாத்தனார் எழுதுகிறாள்: நீ ஏன் உன் பலகையில் எழுதுவதில்லை, ஏன் பாடத்தை ஒப்பிப்பதில்லை? எழுதாவிட்டால், இவளா செருவா-எதெரத்தின் சகோதரி என்று ஊர் பேசும். நான் அரசனின் மூத்த மகள், நீ இந்த வீட்டுக்கு மருமகள் என்பதையும் குத்திக் காட்டுகிறாள். வீட்டுப்பாடம் எழுதாததற்காக நாத்தனாரிடம் திட்டு வாங்கிய ஒரு சின்னப் பெண். அந்தத் திட்டு நினிவேயில் கிடைத்து இன்றும் இருக்கிறது. உங்கள் மகன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

சிரித்து முடித்ததும் இதையும் காட்டுங்கள். மறைக்காதீர்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், நினிவேயிலிருந்து போன ஒரு கற்பலகை. திராட்சைக் கொடிப் பந்தல். அதன் கீழே அசூர்பனிபால் கட்டிலில் சாய்ந்திருக்கிறான். எதிரே உயர்ந்த நாற்காலியில், பாதங்களை மணைமேல் வைத்துக்கொண்டு அவன் அரசி. அது லிப்பாலி-சர்ரத் தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இருவர் கையிலும் கிண்ணம். பணிப்பெண்கள் விசிறுகிறார்கள், மரங்களில் பறவைகள், இடது பக்கம் ஒருத்தி யாழ் மீட்டுகிறாள். அவளுக்குப் பக்கத்து மரத்தில், கிளையோடு சேர்த்துக் கட்டி, ஏலாம் நாட்டு அரசன் தெயும்மானின் தலை தொங்குகிறது. பாடம் எழுதாத பெண் இப்போது வளர்ந்துவிட்டாள். கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோகிறாள்.