‘நிக்கி’ என்றிருப்பது எழுத்துப்பிழை அல்ல

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் உள்ளங்கை அளவு உலோக வேன் ஒன்று கிடைத்தது. அடியில் ‘நிக்கி டாய்ஸ்’ என்றிருக்கிறது. கூடவே இருந்த கிழிந்த அட்டைப்பெட்டியில் 295 என்ற எண்ணும், ‘ஸ்டாண்டர்ட் 20 மினி பஸ்’ என்ற பெயரும். பழம்பொருள் வாங்கும் ஒருவர், “லிவர்பூல் டிங்கி கம்பெனியில் எழுத்துப்பிழையோடு வெளிவந்த வண்டி, ஒன்றரை லட்சம் போகும். தொல்லியல் துறைச் சான்றிதழுக்கு 8,000 ரூபாய் கொடுங்கள்” என்கிறார். உண்மையில் இது எப்போது, எங்கே செய்தது?

பதில்: அந்த 8,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் வேன் கல்கத்தாவில் வார்த்தது. காலம் 1960களின் பிற்பகுதி அல்லது 70களின் தொடக்கம். இங்கிலாந்தின் லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி ‘டிங்கி’ என்ற பொம்மைக் கார்களைச் செய்துவந்தது. அங்கே ஓடி முடிந்த பழைய வார்ப்பு அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. வெளிநாட்டுப் பொம்மையை இறக்குமதி செய்வது நம் ஊரில் குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. அட்டாம்கோ என்ற நிறுவனம் அந்த அச்சுகளில் வார்த்து, ‘நிக்கி’ என்று பெயரிட்டு விற்றது. ஆங்கிலத்தில் டிங்கி, நிக்கி இரண்டையும் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் ஐந்தே எழுத்து. முதலாவதும் மூன்றாவதும் மட்டும்தான் வேறு. அச்சில் இருந்த பெயரைத் திருத்தியவர்களுக்கு வேலை மிச்சம்! பிழை என்று உங்களிடம் சொன்னவர் ஒன்று தெரியாதவர், அல்லது நன்றாகத் தெரிந்தவர்.

எண்ணும் கைகொடுக்கும். நிக்கி வண்டிகளுக்குப் பெரும்பாலும் பழைய டிங்கி எண்ணையே வைத்தார்கள். டிங்கியில் 295 என்பது அட்லஸ் வேன், 1960இல் வெளிவந்தது. அதே அட்லஸை மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி ‘ஸ்டாண்டர்ட் 20’ என்று நிஜ வண்டியாக விற்றதால்தான் உங்கள் பெட்டியில் அந்தப் பெயர். ஆக, 1960 என்பது அச்சின் வயது. வண்டியின் வயது அதைவிடக் குறைவு. இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

துல்லியமான வருஷம் வேண்டுமென்றால் கம்பெனிப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்று தோன்றும். நானும் ஒரு காலத்தில் வேறொரு பொம்மை நிறுவனத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை படிவம் தப்பு, இரண்டாம் முறை கோப்பு வேறு கட்டடத்தில், மூன்றாம் முறை சம்பந்தப்பட்டவர் லீவு. கடைசியில் கிடைத்தது நிறுவனம் பதிவான தேதி மட்டும். எந்தப் பொம்மையை எப்போது வார்த்தார்கள் என்று அதில் எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் பழைய விளம்பரங்களையும் விலைப்பட்டியல்களையும் புரட்டியிருக்கலாம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். லிவர்பூலில் செய்யாத டிங்கி எல்லாம் இப்படி அச்சு கைமாறியது என்று நினைத்துவிடாதீர்கள். 1960களின் நடுவில் டிங்கிக்காகவே ஹாங்காங்கில் ஆறு அமெரிக்கக் கார்கள் செய்தார்கள்: ப்யூக் ரிவியரா, செவர்லே கார்வேர், செவர்லே இம்பாலா, ஓல்ட்ஸ்மொபைல், ஃபோர்டு தண்டர்பேர்டு, ராம்ப்ளர். 57 என்று தொடங்கி, சாய்கோடு போட்டு 001 முதல் 006 வரை எண். அவற்றில் ‘ஹாங்காங்’ என்று பார்த்ததும் போலி என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அவை அசல் டிங்கிதான்! உங்கள் எண் 295, அதனால் உங்களுக்கு இது தேவையில்லை. ஆனால் மச்சில் இன்னொரு பெட்டி இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் விஷயம்: 1972 தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருளுக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். உங்கள் வேனுக்கு அதற்கு இன்னும் நாற்பது வருஷமாவது காத்திருக்க வேண்டும்.

வேறு யாராவது இதே மாதிரி வண்டியை உங்களிடம் விற்க வந்தால் அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டைப் பாருங்கள். அதில் துளை போட்டதால் வந்த பளபளப்போ, அதற்குப் பதிலாகத் திருகோ தெரிந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். நிக்கி உடம்பில் டிங்கி அடித்தட்டை மாட்டுவது பழைய கைவரிசை. உடைந்த உடம்புக்குப் புது பெயின்ட் அடித்து, கம்ப்யூட்டரில் அச்சிட்ட பெட்டியில் வைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பெட்டி கிழிந்திருப்பது அந்த வகையில் ஆறுதல்.

பெயின்ட் சொரசொரப்பாக இருக்கிறதே என்று மெருகேற்றாதீர்கள், கல்கத்தாப் பூச்சே பல வண்டிகளில் அப்படித்தான். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அடித்தட்டைப் படமெடுங்கள். திருத்திய எழுத்து அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.