அலமாரியில் 190 கோதடி, அடகில் 8 பவுன்

கேள்வி: எனக்கு வயது 47. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். 21 வருடமாகப் புனேயில் இருக்கிறோம். கணவரின் சம்பளம் 78,000 ரூபாய். வீட்டுக் கடனும் மகள் படிப்பும் போனால் அதில் மிச்சம் இல்லை. நான்கு வருடமாகப் பழைய கோதடிகளை (பழைய புடவை, வேட்டித் துணிகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வைகள்) சதாரா, சாங்லி பக்கத்துக் கிராமங்களில் வாங்கி, துவைத்து, கிழிசலைத் தைத்து, ஆன்லைனிலும் கண்காட்சிகளிலும் விற்கிறேன். மாதம் பத்து வாங்குவேன், ஆறு விற்கும். சராசரி விலை 4,500. வாங்கிய விலையும் நூல், துணிச் செலவும் போக மாதம் 17,000 ரூபாய் லாபம். அதில் 8,000 தம்பியின் லோடு வண்டித் தவணைக்கு அனுப்புகிறேன்; இன்னும் 14 மாதம் இருக்கிறது. மீதி தொழிலுக்கே போகிறது. கையில் 190 கோதடி இருப்பு, எட்டு லட்சத்துக்கு மேல் பெறும். ஆனால் என் 8 பவுனை வைத்து 1.5 லட்சத்தில் ஆரம்பித்த நகைக்கடன் இப்போது 5.2 லட்சம். கொல்கத்தா வியாபாரி ஒருவர் 140 பழைய காந்தா விரிப்புகளை (பழைய புடவைகளை அடுக்கிக் கையால் தைக்கும் வங்காளத்து விரிப்புகள்) மொத்தமாக 2 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். மகளுக்குச் சேர்த்த 5 பவுனை வைத்து 3 லட்சம் வாங்கலாம் என்று இருக்கிறேன். மீதி ஒரு லட்சத்தை வெள்ளி ஃபண்டில் (வெள்ளி விலையோடு ஏறி இறங்கும் முதலீடு) போடச் சொல்கிறான் தம்பி. செய்யலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் வேண்டாம்.

உங்களுக்குத் தொழில் தெரிகிறது. கடிதத்தோடு வந்த படங்களைப் பார்த்தேன். கையில் நூலோட்டிய இடத்தையும் மெஷின் ஓடிய இடத்தையும் வட்டமிட்டுக் காட்டியிருக்கிறீர்கள். ஒட்டுப் போடப் புதுத்துணி வாங்காமல், பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்கும் பெண்களிடம் அதே காலத்துப் புடவையைத் தேடிப் பிடிக்கிறீர்கள். புதுத்துணி முதல் துவைப்பில் சுருங்கிப் பக்கத்துப் பழசையும் இழுத்துக் கிழித்துவிடும் என்பது இந்தத் தொழிலில் பல பேருக்கு நஷ்டப்பட்ட பிறகுதான் புரியும். அதனால் தொழிலைப் பற்றிப் பாடம் நடத்தப் போவதில்லை. தொந்தரவு ஊசியில் இல்லை, அடகுச் சீட்டில் இருக்கிறது.

உங்கள் 17,000 ரூபாய் லாபத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு கோதடி 4,500க்கு விற்கிறது. வாங்கிய விலை, ஊருக்குப் போய் வந்த செலவு சேர்த்து 1,500. நூல், துணி, சோப்பு 200. இவ்வளவுதான் நீங்கள் கழித்தது. கூரியரும் பேக்கிங்கும் 350 (இரண்டரை கிலோ போர்வை இதற்குக் குறைந்து போகாது). தளத்தின் கமிஷன், பணம் வரும் வழிக் கட்டணம், கண்காட்சி வாடகை எல்லாம் சேர்த்து 12 சதவீதம் என்று வைத்தால் 540. ஆக, கையில் நிற்பது 1,910. ஆறுக்கு 11,460.

இதிலிருந்து நகைக்கடன் வட்டி போக வேண்டும். 5.2 லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 5,200. மிச்சம் 6,260. ஒரு கோதடிக்கு 14 மணி நேரம் உட்காருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறுக்கு 84 மணி. மணிக்கு 75 ரூபாய்கூட இல்லை. சரி, அதைக்கூட விடுங்கள்.

ஆறு விற்கும்போது பத்து வாங்குகிறீர்கள் அல்லவா? விற்காத நான்குக்கும் தலைக்கு 1,500 வீதம் மாதம் 6,000 அலமாரிக்குள் போகிறது. 6,260இல் 6,000 போனால் மிச்சம் 260 ரூபாய்.

260 ரூபாயிலிருந்து தம்பிக்கு 8,000 எப்படி அனுப்பினீர்கள்?

அனுப்பியது தொழில் அல்ல, நகை. மாதம் 7,740 ரூபாய் பள்ளம். 48 மாதத்துக்கு 3.7 லட்சம். 1.5 லட்சத்தோடு கூட்டினால் 5.2 லட்சம்! ஆரம்பத்தில் வட்டியும் குறைவாக இருந்திருக்கும், விற்பனையும் குறைவாக இருந்திருக்கும். எனவே இது தோராயக் கணக்குதான். இருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்து உட்காரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தில் தம்பியின் வண்டிக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தீர்கள்.

இது உங்கள் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், தங்கம் விலை ஏறிக்கொண்டே இருந்தது. வருடா வருடம் புதுப்பிக்கப் போகும்போது, "அதே நகைக்கு இன்னும் 90,000 தரலாம் மேடம்" என்று கவுன்டரில் சொல்கிறார்கள். நீங்களும் வட்டியை அதிலேயே கழித்துக்கொண்டு மீதியை வாங்கி வருகிறீர்கள். கையை விட்டு ஒரு பைசா கட்டாததால் கடன் கட்டியது போலவே ஒரு நிம்மதி. என்னிடம் வரும் கடிதங்களில் மாதம் இரண்டாவது இதே கதைதான். தொழில் மட்டும் மாறும்: ஒருவருக்கு டெய்லரிங், ஒருவருக்கு மாவு மில். நகையின் விலை ஏறியது உங்கள் சொத்து. அதை வருடா வருடம் வழித்தெடுத்துச் செலவு செய்து வந்திருக்கிறீர்கள்.

இனி அதுவும் எளிதல்ல. ரிசர்வ் வங்கியின் புதிய நகைக்கடன் விதிகள்படி, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சம். மொத்தமாகக் கடைசியில் கட்டும் கடனுக்கு, அந்த உச்சவரம்புக்குள் வட்டியும் சேர்ந்து அடங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் ஓடவும் கூடாது. உங்கள் 8 பவுன் அந்த விளிம்பை நெருங்க நெருங்க ஆபத்துதான். அப்போது தங்கம் இறங்கினால் அடுத்த புதுப்பிப்பில் கையிலிருந்து பணம் கேட்பார்கள். அந்த நேரத்தில் 190 கோதடி உதவாது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது: வாங்குவதை நிறுத்துங்கள். ஒரு வருடத்துக்கு ஒரு கோதடிகூட வேண்டாம். கிராமத்தில் அந்தப் பாட்டி மடித்து வைத்த அழகான துண்டைப் பார்த்தால் கை துறுதுறுக்கும் என்று தெரியும். போகாதீர்கள், பார்க்காதீர்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 190ஐயும் கீழே இறக்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். கறுப்பு, கரும்பழுப்புத் துண்டுகளை விரலால் லேசாகக் கிள்ளுங்கள். பழைய முறைச் சாயம் என்றால் அதற்கு இரும்பு சேர்த்திருப்பார்கள். துணியை முதலில் தின்பது அதுதான். மற்ற துண்டெல்லாம் உறுதியாக இருக்க, கறுப்பு மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தக் கோதடிக்கு 14 மணி நேரம் கொடுக்காதீர்கள். நீங்கள் ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த மாதம் கிழியும், வாங்கியவர் திருப்பி அனுப்புவார், இரண்டு பக்கக் கூரியரும் உங்கள் தலையில்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நன்றாக இருப்பவை 70 தேறும். சுமாரானவை 70. மற்ற 50 கந்தல்.

முதல் 70ஐ மட்டும் தைத்து விற்கிறீர்கள். வாங்கிய பணம் ஏற்கெனவே போய்விட்டதால் ஒவ்வொரு விற்பனையிலும் கைக்கு 3,410 வரும். மாதம் ஆறு என்றால் 20,460. வட்டி 5,200 போக 15,260 அசலுக்கு. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், வருடத்தில் 1.9 லட்சம் வரை அடையும். சுமாரான 70ஐத் தைக்காமல், துவைத்து, குறைகளைச் சொல்லி, மற்ற வியாபாரிகளுக்குத் தலைக்கு 1,200 என்று தள்ளிவிடுங்கள்: 84,000. எட்டரை லட்சம் என்று மனதில் வைத்திருந்த சரக்கு இப்போது ஏறக்குறைய 2.7 லட்சம் கடனை அடைத்திருக்கிறது. அவ்வளவுதான் அதன் உண்மை விலை. வருத்தமாக இருக்கும். ஆனால் ஒட்டுத் துணிக்காகப் பிரித்துப் போடவும் பைகள் தைக்கவும் அந்த 50 கந்தல் உதவும். வருடம் முழுக்கத் துணி வாங்க வேண்டாம்.

மீதி 2.5 லட்சத்துக்கு இன்னும் இரண்டு, இரண்டரை வருடம் ஆகும். அப்போதும் ஆறு விற்றால் ஆறு வாங்குவதுதான் கணக்கு.

அடுத்த முறை புதுப்பிக்கப் போகும்போது 8 பவுனையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள். வளையல் ஒரு சீட்டு, செயின் ஒரு சீட்டு, ஆரம் ஒரு சீட்டு என்று பிரித்து வையுங்கள். ஒரு லட்சம் சேர்ந்ததும் ஒரு நகை வீட்டுக்கு வந்துவிடும். 5 லட்சம் மொத்தமாகச் சேர்ந்து மீட்பது என்பது நம் வீடுகளில் நடக்காத காரியம்.

தையலில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், அது பணம் சம்பந்தப்பட்டது என்பதால். மூன்றாவது படத்தில் இருக்கும் பச்சைக் கோதடிக்கு நைந்த கரையைப் பிரித்தெடுத்து, நான்கு பக்கமும் பளிச்சென்று மஞ்சள் கரை வைத்திருக்கிறீர்கள். 22 மணி நேரம் என்று பெருமையாகக் குறித்திருக்கிறீர்கள். பழசு தேடி வருகிறவருக்கு அந்த நைந்த கரைதான் வேண்டும். நீங்கள் உழைத்து விலையைக் குறைத்திருக்கிறீர்கள். பிரிவதைத் தடுக்கிற அளவுக்குத் தையுங்கள், போதும். நேரம் பாதியாகும்.

இன்னொன்று. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக "100 வருடப் பழமை" என்று விளம்பரம் போடுகிறீர்கள். தினமும் போர்த்தித் துவைத்த பருத்தி அவ்வளவு காலம் தாங்குவது அபூர்வம். அதே படத்தில் ஒரு பாலியெஸ்டர் துண்டு பளபளக்கிறது. ஒருவேளை உண்மையாகவே நூறைத் தாண்டியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அப்படிப்பட்ட பொருளை விற்கவே உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கொல்கத்தா மூட்டைக்கு வருவோம். 140 விரிப்பு, 2 லட்சம், பிரித்துப் பார்க்க விடமாட்டார். உங்கள் விற்பனை வேகத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு வருடச் சரக்கு. தவிரவும், பழைய புடவையில் புதிதாகத் தைத்த காந்தா விரிப்புகள் ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன. படத்தில் பார்த்து வாங்குகிறவருக்கு நாற்பது வருடத்துக்கு முந்தைய தையலும் போன மாதத் தையலும் ஒன்றுதான். கோதடியில் உங்களுக்கு இருக்கும் கண் காந்தாவில் இன்னும் வரவில்லை. மூட்டையைப் பிரிக்கும்போது படிக்க வேண்டிய பாடத்துக்கு மகளின் 5 பவுன் அதிகப்படியான ஃபீஸ்.

வெள்ளி ஃபண்டு பற்றி எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. கடன் வாங்கி வெள்ளி வாங்குவது எப்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் வருகிறதோ, அப்போதெல்லாம் வெள்ளி ஏற்கெனவே ஏறி முடிந்திருக்கும். 2011 ஏப்ரலில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. சில வாரங்களில் 35க்கும் கீழே விழுந்தது. பழைய உயரத்தைத் திரும்பத் தொட 14 வருடம் ஆனது. நகைக்கடன் வட்டி 14 வருடம் காத்திருக்காது.

கடைசியாகத் தம்பி. அந்த வண்டிக் கடனில் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. போட்டிருந்தால், அவர் தவணை தவறினால் உங்கள் கிரெடிட் ஸ்கோரும் அடிபடும். அப்படியானால் உங்கள் தவணையை நிறுத்துவதற்கு முன்னால் அவரைக் கடன் கொடுத்தவரிடம் போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கேட்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடவில்லை என்றால், அடுத்த மாதத்திலிருந்து 8,000 நிற்கிறது. 14 மாதம்தானே என்று தோன்றும், 1.12 லட்சம் அது. மேலே நான் சொன்ன 15,260இல் 8,000 போனால் ஒரு வருடத் திட்டம் இரண்டு வருடமாகும்.

தொழில் சரியில்லை, வியாபாரம் டல் என்றெல்லாம் சொல்லாதீர்கள். அடுத்த மாதம் "இப்போ எப்படிக்கா இருக்கு?" என்று போன் வரும். "என் நகை அடகில் இருக்கிறது, அதிலிருந்துதான் உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்" என்று இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நான்கு வருடமாக அக்காவுக்கு வியாபாரம் ஓஹோவென்று போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். அம்மா கோபித்துக்கொள்வார் என்றால் அம்மாவிடமும் அந்த 260 ரூபாய்க் கணக்கைக் காட்டுங்கள்.

தையலைப் பிரித்தபோது நடு அடுக்கில் குழந்தைச் சட்டையின் கை ஒன்று மடித்து வைத்துத் தைத்திருந்ததே, அந்தக் கோதடியையும் இன்னும் இருபதையும் விற்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்டைக் கை உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். இருபதையும் விற்றுவிடுங்கள்.