வாசகர் கேள்வி–பதில்: பள்ளத்தாக்கில் இறங்கும் விமானம்

கேள்வி: மகனுக்குக் கனடாவில் காசல்கார் என்ற ஊரில் கல்லூரி கிடைத்திருக்கிறது. ஜனவரி முதல் வாரம் வகுப்பு தொடங்குகிறது. வன்கூவரில் இறங்கி இன்னொரு சின்னப் பிளேன் எடுக்க வேண்டுமாம். ‘குளிர்காலத்தில் அது அரைவாசி நாள் ஓடாது’ என்று ரொறன்ரோவில் இருக்கும் தம்பி வெருட்டுகிறான். உண்மையா?
— ஒரு தாய், கனகராயன்குளம்

பதில்: அரைவாசி நாள் என்பது மிகை, அம்மா. ஆனால் உங்கள் தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. ரத்தாகும் விமானங்களை நினைத்து அந்த ஊர்க்காரரே அந்த நிலையத்தைக் ‘கான்சல்கார்’ என்றுதான் சொல்வார்கள்.

அதன் முறையான பெயர் மேற்குக் கூட்டனி பிராந்திய விமான நிலையம். காசல்கார், நெல்சன், ட்ரெயில், ரொஸ்லாண்ட் ஆகிய சிறு நகரங்களுக்கு அதுதான் வான்வழி வாசல். கொலம்பியா ஆறும் கூட்டனி ஆறும் சந்திக்கும் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 495 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதை சுமார் 1,615 மீட்டர். அங்கே வந்து போகும் டாஷ் 8-400 விமானத்துக்கு இந்த நீளம் போதும். பனி கொட்டினாலும் வழித்துத் தள்ள இயந்திரங்கள் உண்டு. உண்மையான தொல்லை முகில்.

அறுவடை முடிந்து வைக்கல் எரிக்கிற மாலையில் புகை மேலே ஏறாமல் வயலோடு படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தோடு ஒட்டிய காற்று குளிர்ந்து பாரமாகி, அதற்கு மேலே சூடான காற்று மூடி போல இருந்துவிடுவதால் வருவது அது. எங்களுக்கு மார்கழியில் குளக்கரையில் படிகிற மூடுபனி, வெயில் ஏறக் கலைந்துவிடும். அங்கே குளிர்கால வெயில் சாய்ந்து விழுகிறது, பகலும் குறுகியது, நாலு பக்கமும் மலை. ஆற்றின் ஈரத்தில் உண்டான முகில் பள்ளத்தாக்குக்குள் அடைபட்டு நாட்கணக்கில் நிற்கும். மலை உச்சியில் நல்ல வெயில் எறித்துக்கொண்டிருக்க, கீழே ஓடுபாதை தெரியாது.

கேள்வி: கட்டுநாயக்கவில் மழை இருட்டிலும் பிளேன் இறங்குகிறதே. அதே கருவியை அங்கேயும் பூட்டினால் என்ன?
— உயர்தர மாணவன், முள்ளியவளை

பதில்: ஐஎல்எஸ் என்ற அந்தக் கருவி, ஓடுபாதைக்கு நேராகச் சுமார் 3 பாகைச் சரிவில் ஒரு வானொலிக் கோடு போட்டுக் கொடுக்கிறது. அந்தச் சரிவில் ஒரு கிலோமீட்டருக்கு 52 மீட்டர் அளவில்தான் விமானம் இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் முன்னால் அது நிலத்தில் இருந்து சுமார் 520 மீட்டர் உயரத்தில் வர வேண்டும். சமவெளியில் அந்த வழி வெறுமையாக இருக்கும். வளைந்து போகும் பள்ளத்தாக்கில் அந்த நேர்கோடு மலைக்குள்ளால் போகும்.

அதைவிட முக்கியமானது, இறங்காமல் திரும்ப எழும்புவது. சமவெளியில் சாதாரண ஐஎல்எஸ் உள்ள ஓடுபாதை என்றால், விமானி 200 அடி, அதாவது 60 மீட்டர் உயரம் வரை வந்து பார்த்து, விளக்குத் தெரியாவிட்டால் மேலே ஏறலாம். பள்ளத்தாக்கில் அவ்வளவு தாழ வந்த பிறகு ஏற முயன்று, அந்த நேரம் பார்த்து ஓர் எஞ்சின் நின்றால்? மிஞ்சிய ஒற்றை எஞ்சினோடு மலையைத் தாண்ட வேண்டும். அதற்கு இடம் போதாது என்பதால் ‘இறங்குவதா, திரும்புவதா’ என்ற முடிவை மிக உயரத்திலேயே எடுத்துவிடச் சொல்கிறது விதி. செயற்கைக்கோள் வழிகாட்டலில் வளைந்து வரும் பாதைகள் இந்த உயரத்தைக் குறைக்க உதவும். ஆனால் அதற்கு விமானத்தில் தனிக் கருவியும் விமானிக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும்.

விமான நிலைய வானிலை அறிக்கையை நீங்களே வாசிக்கலாம். முகிலின் உயரம் நூறடிக் கணக்கில், தரையில் இருந்து அளந்து எழுதப்பட்டிருக்கும். 015 என்றால் 1,500 அடி; 060 என்றால் 6,000 அடி. வானம் முழுவதும் மூடி, எண்ணும் சிறிதாக இருந்தால், வன்கூவரில் இருந்து கிளம்பிய பிளேன்கூட இறங்காமல் திரும்பி வரக்கூடும்.

கேள்வி: ஏஜென்ட் இரண்டு ரிக்கெற்றாகப் பிரித்துப் போட்டால் மலிவு என்கிறார். போடலாமா?
— கிளிநொச்சி வாசகர்

பதில்: குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம். கொழும்பில் இருந்து காசல்கார் வரை ஒரே பதிவு இலக்கத்தில் இருக்கட்டும். பிரித்துப் போட்டால், முதல் விமானம் தாமதித்தாலே இரண்டாவது கம்பனி உங்களை ‘வராதவர்’ என்று எழுதிவிடும், காசு போய்விடும்.

வானிலையால் ரத்தானால், கனடாவின் பயணியர் பாதுகாப்பு விதிப்படி கட்டணம் வாங்காமல் அடுத்த விமானத்தில் இடம் தர வேண்டும். 48 மணி நேரத்துக்குள் தர முடியாவிட்டால், பறக்காத பகுதிக்கான காசைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் வானிலை கம்பனியின் கட்டுப்பாட்டில் இல்லாததால் ஹோட்டலும் சாப்பாடும் தர அவர்களுக்குக் கடமை இல்லை. ஓர் இரவுக்கான காசு பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று: பாக்கில் காசல்கார் என்று ரக் போட்டிருந்தாலும், கனடாவுக்குள் முதலில் இறங்கும் நிலையத்தில் அதை எடுத்துச் சுங்கம் காட்டித் திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள். படிப்பு அனுமதிப் பத்திரமும் அங்கேதான் அச்சிட்டுத் தருவார்கள். ஜனவரியில் அந்த வரிசை நீளம். இரண்டு மணி நேர இடைவெளி போதாது. வன்கூவரில் ஓர் இரவு தங்கி அடுத்த நாள் காலை விமானத்தை எடுப்பதே என் யோசனை. அது ரத்தானாலும் அன்றைக்கே பிந்திய விமானம் ஒன்றுக்கு மாற வாய்ப்பிருக்கும். வகுப்புக்கு மூன்று நாளாவது முந்திப் போய்ச் சேரும்படி திகதி போடுங்கள்.

கேள்வி: ஸ்போக்கேன் விமான நிலையம் காரில் மூன்று மணி நேரம்தானாம். மருமகன் அங்கே வந்து ஏற்றலாமா?
— செட்டிகுளம் வாசகி

பதில்: ஸ்போக்கேன் இருப்பது அமெரிக்காவில். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். கனடா விசா அங்கே செல்லாது. மருமகன் வருவதானால் கனடாவுக்குள்ளேயே இருக்கும் கெலோனா விமான நிலையத்துக்கு வரட்டும். சுமார் 300 கிலோமீட்டர், நல்ல வீதியில் நாலு மணி நேரம். வழியில் 1,535 மீட்டர் உயரத்துப் போல்சன் கணவாய் வரும். ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை அந்த மலைவீதிகளில் குளிர்காலச் சில்லு கட்டாயம். சில்லின் பூ, அதாவது ரப்பரில் வெட்டியிருக்கும் தடங்களின் ஆழம் குறைந்தது 3.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கிழக்கே கிரான்புரூக் நிலையத்துக்குப் போவதென்றால் 1,775 மீட்டர் உயரத்துக் கூட்டனி கணவாயைத் தாண்ட வேண்டும். பனிச்சரிவு வேலைக்காக அதை அடிக்கடி மூடுவார்கள். இருட்டில் அந்த வழியை எடுக்க வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா இன்சுலின் போடுபவர், என்னோடு வருகிறார். சின்னப் பிளேனில் கைப் பாக்கை வாங்கிவிடுவார்கள் என்பது சரியா?
— மன்னார் வாசகர்

பதில்: சரி. டாஷ் 8 இல் தலைக்கு மேல் தட்டு ஒடுக்கம். உருளும் கைப்பெட்டியைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வண்டிலில் வைத்துவிட்டு ஏற வேண்டும். இறங்கியதும் அங்கேயே எடுக்கலாம். இடையில் அது சரக்கு அறைக்குப் போகும். இன்சுலின் உறைந்தால் பழுது, பிறகு இளகினாலும் பாவிக்கக்கூடாது. ஆகவே வீட்டில் இருந்தே ஒரு சின்னத் தோள்பையில் இன்சுலின், ஊசி, மருத்துவர் கடிதம், கடவுச்சீட்டு, பவர் பாங்க் ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். பவர் பாங்கைச் சரக்கு அறைக்கு விடமாட்டார்கள். பிளேனுக்கு வெளியில் நடந்து போய் ஏற வேண்டி வரும் என்பதால் அப்பாவின் தடித்த ஜக்கெற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்.