லேபர் கான்ட்ராக்ட், மெட்டீரியல் கான்ட்ராக்ட்: சமையலறையைப் புதுப்பிக்கும்போது இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

லேபர் கான்ட்ராக்ட் என்றால் கான்ட்ராக்டருக்கு வேலைக்கான கூலி மட்டும். டைல்ஸ், சிமென்ட், மணல், குழாய் எல்லாம் நாம் வாங்கித் தர வேண்டும். மெட்டீரியல் கான்ட்ராக்டில் பொருளும் ஆளும் அவர் பொறுப்பு. மொத்தமாக ஒரு தொகை, அல்லது சதுர அடிக்கு இவ்வளவு.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் மளிகை லிஸ்ட் தர, நாம் வாங்கிப் போட்டு அவருக்குக் கூலி கொடுப்பது ஒரு வகை. இலைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கப் போய்விடுவது இன்னொரு வகை.

பொருள் யார் காசில் வருகிறதோ, அவருக்குத்தான் அதை மிச்சப்படுத்தும் அக்கறை இருக்கும். லேபர் முறையில் டைல்ஸ் உடைந்தால் நஷ்டம் நமக்கு. மெட்டீரியல் முறையில் தரம் குறைந்தால் லாபம் அவருக்கு. அதனால் கொட்டேஷனில் 'நல்ல பிளைவுட்' என்று மட்டும் இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) என்ற, ஈரம் தாங்கும் மரைன் வகை, 18 மி.மீ. கனம், பிராண்ட் பெயர் என எழுதி வாங்குங்கள். சிங்க்குக்கு அடியில் சாதாரணப் பலகை போட்டால் ஈரத்தில் உப்பிவிடும். பழைய மேடையை உடைத்து, இடிபாட்டை அள்ளிப்போகும் செலவு யாருடையது? அதையும் எழுதுங்கள், சண்டை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம், லேபர் கான்ட்ராக்ட் என்றாலே மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். கடைக்கு அலையும் வண்டி வாடகையும், பொருள் வராமல் ஆட்கள் சும்மா உட்கார்ந்த நாளுக்குக் கேட்கும் கூலியும் நம் கணக்கில்தான் ஏறும்.