கழுத்துக் கட்டிக்கு நெஞ்சு எக்ஸ்ரே பதில் சொல்லுமா?

கேள்வி: தம்பிக்கு 24 வயது. கழுத்தில் ஒரு பக்கம் மூன்று மாதமாகக் கட்டி இருக்கிறது, வலியே இல்லை. இருமல் கிடையாது, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். கையில் ஊசி போட்டுப் பார்த்ததில் மட்டும் நன்றாகத் தடித்துவிட்டது. டிபிதான், மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். கட்டியிலிருந்து எடுத்துப் பார்க்காமல் தொடங்காதீர்கள் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டாமவர் பேச்சை. முதல் டாக்டரின் ஊகம் சரியாகவே இருக்கலாம், ஏனென்றால் நுரையீரலுக்கு வெளியே காசநோய் அதிகம் வருவது நெறிக்கட்டிகளில்தான், அதிலும் கழுத்தில்தான், எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் அது இல்லை என்றும் ஆகிவிடாது. ஆனால் லிம்ஃபோமா என்ற புற்றுநோயும் இதே மாதிரி வலிக்காத கட்டியாக வரும், அதிலும் சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு எல்லாம் உண்டு. தடவிப் பார்த்து இரண்டையும் பிரித்துவிட முடியாது.

கையில் போட்ட ஊசியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கிருமி எப்போதாவது உடம்புக்குள் வந்திருக்கிறதா என்பதைத்தான் அது காட்டும், உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அப்படி வந்திருக்கும் என்பது கணக்கு. பிசிஜி தடுப்பூசி போட்டிருந்தாலும் தடிக்கலாம். ‘ரத்தத்தில் டிபி ஆன்டிபாடி’ என்று ஒரு சோதனையை யாராவது எழுதிக் கொடுத்தால், உலக சுகாதார நிறுவனம் 2011லேயே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது, காசை மிச்சம் பிடியுங்கள்.

முதலில் மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பார்கள், அதில் தெளிவு கிடைக்காவிட்டால் ஒரு நெறியை முழுதாகவே எடுப்பார்கள். இந்த இடத்தில்தான் பல பேருக்குக் காரியம் கெடுகிறது. எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும், அப்புறம் அதிலிருந்து கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்ய வழியே இல்லை. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்: ஒரு பகுதி ஃபார்மலினில் பயாப்சிக்கு (நுண்ணோக்கியில் திசுவைப் பார்ப்பதற்கு), இன்னொரு பகுதி சாதாரண சலைனில் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் கல்ச்சருக்கும். இப்படிக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்குக் கட்டுப்படுமா என்று சொல்லிவிடும், கல்ச்சருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நெறிக்கட்டியில் கிருமிகள் குறைவு என்பதால் ஜீன்எக்ஸ்பர்ட் ‘இல்லை’ என்றாலும் விஷயம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பயாப்சி ரிப்போர்ட்டோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதெல்லாம் முடியும்வரை சும்மா ‘பார்ப்போம்’ என்று லெவோஃப்ளாக்சசின் மாதிரியான ஆன்டிபயாடிக் மாத்திரைகளையோ ஸ்டீராய்டையோ கொடுக்கவிடாதீர்கள். முதலாவது டிபியைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், இரண்டாவது லிம்ஃபோமாவைச் சுருக்கிக் காட்டும், சோதனை குழம்பிவிடும். எச்ஐவி சோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள், டிபி என்று சந்தேகப்படும் யாருக்கும் செய்வதுதான்.

கேள்வி: கட்டி தெரிந்தால் சரி, உள்ளே எங்காவது வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இடத்துக்கு இடம் மாறும். நெஞ்சில் ஒரு பக்கம் நீர் கோத்துக்கொண்டால் அந்த நீரை எடுத்துப் பார்ப்பார்கள், அதில் கிருமி நேரடியாகத் தெரிவது அபூர்வம், ஏடிஏ என்ற நொதியின் அளவு கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். சிறுநீரில் சீழ் அணுக்கள் வந்துகொண்டே இருந்து, வழக்கமான கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் சிறுநீரக டிபியை நினைக்க வேண்டும். முதுகுவலி வாரக்கணக்கில் நீடித்து, படுத்தாலும் குறையாமல், கால் மரத்துப்போகவோ பலம் குறையவோ ஆரம்பித்தால் எம்ஆர்ஐக்குத் தாமதிக்காதீர்கள்.

மூளைச்சவ்வு டிபிதான் எல்லாவற்றிலும் மோசம். ஒன்றிரண்டு வாரமாகத் தலைவலி, காய்ச்சல், வாந்தி, அப்புறம் ஆள் நடந்துகொள்ளும் விதமே மாறுவது, மயக்கம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகுத் தண்டு நீரை எடுத்துப் பார்ப்பார்கள், ஆனால் சந்தேகம் பலமாக இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவார்கள். முதல் கேள்விக்கு நான் சொன்ன பொறுமை இங்கே ஆபத்து.

கேள்வி: நெறிக்கட்டி டிபிக்கு மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. கட்டி முன்பைவிடப் பெரிதாகிவிட்டதால் நிறுத்திவிட்டேன்.

பதில்: இன்றே டாக்டரைப் பாருங்கள். மருந்து வேலை செய்யும்போதே, செத்த கிருமிகளை உடம்பு எதிர்ப்பதால் கட்டி வீங்குவது நெறிக்கட்டி டிபியில் அடிக்கடி நடப்பதுதான், புதுக் கட்டிகூட வரலாம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் இருக்கலாம், அதைக் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும், கையோடு எடுத்துப் போங்கள்.