அட்டைக் கடிகாரத்தின் முள் ஒன்பதருகே நிற்பது பற்றி

வணக்கம். தடித்த அட்டையில் நீங்கள் செய்த சுவர்க் கடிகாரத்தில், புது பேட்டரி போட்ட பிறகும், கண்ணாடிக் கற்கள் ஒட்டிய நிமிட முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே நின்றுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். மெஷினை மாற்ற அவசரப்பட வேண்டாம். கோளாறு பெரும்பாலும் முள்ளின் எடையில்தான் இருக்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முள் மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கிறது. அது படுக்கைவாக்கில் நீளும் ஒன்பதில் சுமை உச்சத்தை எட்டுவதால், 1.5 வோல்ட்டில் ஓடும் சிறிய குவார்ட்ஸ் மெஷின் அங்கேதான் திணறும்.

கடிகாரத்தை மேசையில் மல்லாக்க வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் எடைதான் காரணம். அப்போதும் நின்றால், முட்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா, நடு நட்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எடைதான் என்றால், முதலில் நுனியில் உள்ள கற்களை எடுத்துவிடுங்கள். அச்சருகே இருப்பவை அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. அழகு போய்விடுமே என்று மனம் வராவிட்டால், முள்ளின் வால்பகுதியை அச்சுக்கு அப்பால் சற்று நீட்டி, அதன் அடிப்புறத்தில் சிறு வாஷர் ஒன்றை ஒட்டி, முள்ளைக் கழற்றி ஓர் ஊசியில் கோத்துச் சுழற்றும்போது எந்தப் பக்கமும் சாயாத அளவுக்குச் சரிசெய்யுங்கள்.